மேய்ப்பரின் மனைவி

எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு அவர் கரன்ட் மாமா. ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் ஆராதனைக்குக்கூட வரமாட்டார். அவருடைய மனைவி கண்ணாடி அத்தை. வேலை பார்த்ததும் கண்ணாடிக் கடையில், மூக்கின்மேல் இருந்ததும் கனத்த கண்ணாடி என்பதால் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் அவர்களுக்குக் கீழ் வீட்டுக்காரி.

ஆலயத்துக்குப் பின்னால் குட்டை நாற்காலிகள் போட்ட நீளமான அறை ஒன்று உண்டு. அங்கேதான் இருவரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தினார்கள். அத்தை கீபோர்டு வாசித்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். அதன் பிறகு மாமா வேதாகமக் கதை சொல்வார். கதை பாதியில் இருக்கும்போதே பெரியவர்கள் ஆராதனைக்கு வாசிக்க அத்தை எழுந்து ஓட வேண்டும். அந்த முன்பாதியைக் கேட்டதற்கே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

காரணம், மாமா சொன்ன கதைகளில் கைச்சரக்கு நிறைய. நோவாவின் பேழையில் எல்லா மிருகங்களும் ஏறியாயிற்று, மழையும் தூறத் தொடங்கிவிட்டது, ஆனால் ஒரு நத்தை மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கும். நோவா கதவுக்கு நடுவில் காலைக் கொடுத்து நின்றுகொண்டு, "கொஞ்சம் பொறுங்கப்பா, ஒரு ஆள் வந்துட்டே இருக்கார்" என்பார். கடைசியில் நத்தை வந்து சேர்ந்து, "எனக்கு ரூம் எல்லாம் வேணாம், கையோட கொண்டாந்துட்டேன்" என்று சொல்லும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து அத்தை, நத்தை வேதத்தில் இல்லை என்பார். இல்லை என்றும் எழுதவில்லையே என்பார் மாமா. இந்தச் சண்டைக்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அவர்கள் பழக்கம் தொடங்கியதும் அதே அறையில்தான். அத்தை இந்தச் சபைக்கு வந்த புதிதில், வாசிக்க உட்கார்ந்ததும் கீபோர்டு புகைய ஆரம்பித்தது. சரிபார்க்க வந்த மாமாவுக்கு ஷாக் அடித்துத் தள்ளிவிட்டது. கரன்ட் அடித்து விழுந்தாரா, தன்னைப் பார்த்து விழுந்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை என்று அத்தை எல்லோரிடமும் சொல்வார். ஆசையாக ஒரு வார்த்தை பேச மாமாவுக்கு வராது. கல்யாணப் பேச்சைக்கூட, உங்கள் வீட்டில் சுவிட்ச் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றுதான் ஆரம்பித்தாராம். மகள் பிறந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். ஞாயிறு பள்ளி மட்டும் ஒரு வாரம்கூட நின்றதில்லை.

ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டில் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்த மாமா, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். பிறகு எழவேயில்லை.

அத்தை வேலைக்குப் போனார், வந்தார். ஆராதனையில் வழக்கம்போல வாசித்தார். அந்தப் பின்னறைப் பக்கம் மட்டும் போகவில்லை. கைகழுவப் போவதற்கு அதுதான் குறுக்குவழி. அவர் ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு போனார். பிள்ளைகளை ஒரு கல்லூரி மாணவி பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பரீட்சை வந்ததும், போதகரின் மனைவி மாடியேறி வந்து அத்தையைக் கேட்டார். அத்தை தலையசைத்து மறுத்தார்.

"எனக்கு வாசிக்கத்தான் தெரியும். கதை அவரோடது."

"ஒரே ஒரு வாரம் அக்கா. சும்மா வேதத்துல இருக்கிறத வாசிச்சுக் காட்டினாப் போதும்."

வேதத்தில் இருப்பதை மட்டும் என்றதும் அத்தையால் மறுக்க முடியவில்லை. அத்தனை வருஷமாக மாமாவிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்ததே அதுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோவாவின் கதை. பெரியவர்கள் ஆராதனையில் அன்று கீபோர்டு இல்லாமலே பாடிக்கொள்வதாக ஏற்பாடு. துணைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். பேழையின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னார். மிருகங்கள் ஏறின. கர்த்தர் கதவை அடைத்தார் என்று சொல்லி மழையை வரவழைத்தார். முன்வரிசையில் பல் விழுந்த ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள்.

"அத்தை, நத்தை வரலையே."

நத்தை வேதத்தில் இல்லை என்று அத்தை பொறுமையாகச் சொன்னார். அவள் முகம் கோணிக்கொண்டது.

"அப்ப அத வெளியவே விட்டுட்டீங்களா?"

அவள் அழத் தொடங்கியதும் அவள் பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்து அழுதான். மழை என்றால் எப்பேர்ப்பட்ட மழை என்று அத்தை இப்போதுதானே விவரமாகச் சொல்லி முடித்திருந்தார்! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, எழுந்து போய் அறைக் கதவை நிஜமாகவே திறந்தார். நடுவில் காலைக் கொடுத்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. ஒரு ஆள் வந்துட்டே இருக்கார்."

பிள்ளைகள் எல்லோரும் கதவையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

நத்தையை உள்ளே சேர்த்த பிறகு பிள்ளைகளுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. மாமா சொன்னதையெல்லாம் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தாவீதின் கவணுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்த தங்கச்சி, சிங்கக் குகையில் குறட்டை விட்ட சிங்கம் என்று, அத்தை எழுந்துபோன பிறகு நடந்த பின்பாதிகள் எல்லாம் வெளியே வந்தன. அப்போதுதான் அந்தப் பல் விழுந்த பெண், "மேய்ப்பரோட வீட்டம்மா கதையும் இருக்கு, அது நீங்கதான்" என்றாள்.

காணாமல் போன ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பரைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். அவருக்கு ஒரு மனைவி உண்டு என்பது மாமாவின் கணக்கு. அந்த அம்மா கண்ணாடி போட்டிருப்பார். விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். மலையிலிருந்து வருகிற மேய்ப்பர் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் வழி கண்டுபிடிப்பார். வந்ததும், இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். திட்டி முடித்துவிட்டு அந்த அம்மா தன் சால்வையை எடுத்து ஆட்டுக்குப் போர்த்துவார்.

"ஆடு தொலைஞ்சா மேய்ப்பர் தேடுவார். மேய்ப்பர் தொலைஞ்சா தேடுறதுக்கு ஒரு ஆள் வேணாமான்னு மாமா கேட்டார்" என்று அந்தப் பெண் சொன்னாள். "எங்க வீட்டம்மா இருக்கிற தைரியத்துலதான் நான் மலைக்கே போறேன்னும் சொன்னார்."

பாட்டுப் பாடலாம் என்றார் அத்தை. பாட்டில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்து நிறுத்தம் வரைக்கும் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். அங்கே வந்ததும் வெடித்தார்.

"இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. மூக்கு ஒழுகுற பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கார். இதுல நான் திட்டுறேன்னு வேற சொல்லி வச்சிருக்கார் பாருங்க!"

திட்டமாட்டீர்களா என்று கேட்டேன். திட்டுவேன்தான், அதற்காக ஊரைக் கூட்டிச் சொல்லணுமா என்றார். கோபத்தில் பேசியவர் பேசப் பேசச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

பரீட்சை முடிந்து கல்லூரி மாணவி திரும்பி வந்தாள். பாட்டுக்கும் பெரியவர்கள் ஆராதனைக்கு வாசிக்கவும் அவளை வைத்துக்கொண்டு, கதையை அத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு தகப்பனார் மட்டும், வேதத்தில் இல்லாததைப் பிள்ளைகளுக்குச் சொல்வது சரியா என்று போதகரிடம் கேட்டிருக்கிறார். போதகர் தயங்கித் தயங்கி அதை அத்தையிடம் சொன்னார். எது வேதத்தில் இருக்கிறது, எது மாமாவின் கதை என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும், சந்தேகமிருந்தால் வந்து கேட்டுப்பாருங்கள் என்றார் அத்தை. கேட்க வந்த தகப்பனார் குட்டை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

போன வாரம் மத்தியான இடைவேளையில் அத்தை போன் செய்து, எங்கள் கடைத் தெருவுக்கு உடனே கிளம்பி வாருங்கள் என்றார். பதறிப்போய் ஓடினேன். ஃபிரிட்ஜ் விற்கிற கடை வாசலில், தன்னைவிட உயரமான அட்டைப்பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலில் விழுந்த யோனாவை விழுங்கிய பெரிய மீனை ஞாயிறு பள்ளிக்குச் செய்யப் போகிறாராம். அந்தக் கதையை மாமா ஒருநாளும் தொட்டதில்லை. மழை வரைக்கும் சரி, கடல் என்றால் கரன்ட்டுக்கும் தண்ணிக்கும் ஆகாது என்று தட்டிக்கழித்துவிடுவார்.

எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஒரு ஆள் உள்ளே உட்காரணும், மூச்சும் விடணும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இன்னும் எங்களையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் அத்தையும் பின்னால் நானுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். காற்று அதை ஒரு பக்கமாக இழுத்தது. மீனின் வயிற்றுக்குள் யோனாவுக்குப் பொழுது எப்படிப் போயிருக்கும் என்று அத்தை திரும்பிப் பார்க்காமலே கேட்டார். பாடிக்கொண்டிருந்திருப்பார் என்றேன்.

"வேதத்துல ஜெபம் பண்ணினார்னுதான் இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மீனுக்குப் பாட்டுப் பிடிக்குமா?" என்று கேட்டார்.