கேட்டாலே முளைக்கும் பெட்டி

மென்பொருள் வேலை என்பது பாதி நாள் வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிரலோடு மல்லுக்கட்டுவதுதான். அதைச் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி போகவில்லை

சரவணம்பட்டியில் எங்கள் அலுவலகம். டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஒரு வேன் சர்வீஸுக்கு நாங்கள்தான் மென்பொருள் பார்க்கிறோம். அதன் முதலாளி திருமூர்த்தி ஒருநாள் பதறிப்போய் போன் செய்தார். கணபதி ஏரியாவில் இருக்கும் ஒரே நோயாளியான ருக்குமணி அம்மாவின் பெயர் டிரைவருக்குப் போகும் பட்டியலில் வரவில்லை. அந்த அம்மாள் காந்திபுரத்தில் பஸ் மாறித் தனியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் திருமூர்த்திக்கே தெரியும்.

நாளை மறுநாள் அவருக்கு மறுபடியும் டயாலிசிஸ். அதற்குள் கண்டுபிடித்தே தீருவேன் என்றேன். திருமூர்த்தி நொந்துபோய்ச் சொன்னார்: "அன்னிக்கு அந்தம்மாளுக்கு நேரம் எதும் மாத்தியிருக்குதான்னு ஒருக்கா பார்த்துப்போட்டுத்தானுங்க அம்மணி பட்டியலே எடுத்தேன்."

பெட்டிக்குள் பெட்டி

நிரல் பெர்ல் மொழியில் இருந்தது. நேர மாற்றங்களுக்கு ஒரு ஹேஷ், அதாவது பெயர் ஒட்டிய பெட்டி. அதற்குள் ஏரியாவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் நோயாளிக்கு ஒன்று. ஏரியா பெட்டி இருந்தால் அன்றைய பட்டியலை அதிலிருந்து எடுக்கும். இல்லாவிட்டால் வழக்கமான பட்டியல்.

நிரலை ஓட்டிப் பார்த்தேன். ருக்குமணி அம்மாவின் பெயர் சரியாக வந்தது. திருமூர்த்தி செய்ததைப் போலவே, அவருக்கு மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி சேர்த்தேன். பெயரைக் காணோம். வரியை எடுத்தேன், வந்துவிட்டது. நீங்களாக இருந்தாலும் உங்கள் மூளையைத்தான் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நான் விடுவதாக இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னும் பின்னும் மொத்தப் பெட்டியையும் திரையில் கொட்டிப் பார்த்தேன். கேட்ட பிறகு, ‘கணபதி’ என்று ஒரு காலிப் பெட்டி புதிதாக முளைத்திருந்தது.

இல்லாத பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், பெர்ல் முதலில் அந்தப் பெட்டியைச் செய்து வைத்துவிட்டுத்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்கிறது. காலிப் பெட்டியைப் பார்த்த நிரல், கணபதிக்கு இன்று யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. திருமூர்த்தி அக்கறையாகப் பார்த்த நாளில்தான் வண்டி போகவில்லை. பக்கத்து சீட் பிரகாஷ் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்: "இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேங்குது பாருங்க, இதை நம்மூர்லதான் செஞ்சிருப்பாங்க."

வண்டி போனது

உள்ளே எட்டிப் பார்க்கும் முன் வெளிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்க ஒரு வரி, அவ்வளவுதான் மருந்து. ஆனாலும் அதோடு நிறுத்தவில்லை. நிரல் முழுக்கத் தேடி, இப்படி எட்டிப் பார்க்கும் இடத்திலெல்லாம் அந்த வரியைப் போட்டேன். நேர மாற்றம் இருக்கிறதா என்று திருமூர்த்தியை வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். பெயர் அசையவில்லை.

அடுத்த டயாலிசிஸ் அன்று வண்டி போனது. மன்னிப்புக் கேட்க ருக்குமணி அம்மாவைக் கூப்பிட்டேன். பேச்சுவாக்கில், போன வாரமும் ஒருநாள் வண்டி வரவில்லை என்றும், பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னார்: "ஏன் வரலைன்னு கேட்டா அந்த டிரைவர் தம்பி சங்கடப்படுமேன்னு உட்டுப்போட்டேன் கண்ணு."

பெர்லுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு எத்தனை வரி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.