ஆயாக் கொட்டகை ஜன்னலுக்கு வாங்கிய கண்ணாடி

கண்ணாடி வாங்க என்னை அனுப்பியதே தப்பு. நான் மரவேலைக்காரன். கதவு, கட்டில், சவப்பெட்டி, எது கேட்டாலும் செய்து கொடுப்பேன். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விழுந்தால் உடையும். ஆனால் தோட்டத்தில் ஜன்னலைத் தொட்டவன் வேறு யாரும் இல்லை. அதனால் என் தலையில் கட்டினார்கள்.

அப்போது மலாயாவில் அவசரகாலம். எங்கள் தோட்டம் சிரம்பான் பக்கம், கோலா சாவாவிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. நாலு பக்கமும் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைப் பிரித்து, ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரைச் சுற்றி ஒரே இடத்தில் கட்டி, முள்கம்பி வேலி போட்டு எங்களை உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டால் காட்டில் ஒளிந்திருக்கிற கொம்னிஸ்காரர்களுக்கு அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்களுக்கே அளந்துதான் கொடுத்தார்கள், இதில் யாருக்குக் கொடுப்பது? வீடுகளைப் பிரித்ததும் நான்தான், திரும்பக் கட்டியதும் நான்தான். முதுகு ஒடிந்தது. முடிந்ததும் ஒருவன்கூட நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. நல்லாவும் இல்லை.

வேலிக்குள் இடம் போதவில்லை. பால் வெட்டப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்கு, ஸ்டோரை ஒட்டியிருந்த பழைய அறை ஒன்றைக் கொடுத்தார்கள். முன்பு அதில்தான் ஷீட்டைக் கட்டி அடுக்கி வைப்பார்கள். ஒரு பக்கம் ஸ்டோர் சுவர். இன்னொரு பக்கம் காட்டைப் பார்த்த ஜன்னல்கள். அந்த ஜன்னல்கள் வழியாகச் சுடுவான் என்று பலகை அடித்து மூடச் சொன்னார்கள், மூடினேன். முன்னால் ஒரு கதவு. பிள்ளைகள் லோரி போகிற பாதைக்குத் தவழ்ந்து போய்விடும் என்று ஆயா அதைச் சாத்தியே வைத்திருப்பாள். மிச்சம் இருந்தது பின்சுவரில் ஒரு பெரிய திறப்பு. நாலடி அகலம், மூன்றடி உயரம். அறைக்குள் வந்த வெளிச்சமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது.

அந்தத் திறப்புக்கு அந்தப்பக்கம் அடுப்பு முற்றம். ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்தின் அடுப்புகள் அங்கேதான் எரியும். ஆள் உயரத்துக்கு விறகு. காயும்போது ஒரு ஷீட் நழுவி அடுப்பில் விழுந்தால் போதும், கட்டடமே பற்றிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒன்று எரிந்ததை எங்கள் லயத்து வாசலில் நின்றே பார்த்திருக்கிறோம்.

சிரம்பானிலிருந்து தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்தார். இத்தனை பேரை ஒரே வேலிக்குள் அடைத்தபிறகு, டவுன் கட்டடங்களுக்கு என்ன சட்டமோ அதுதான் இங்கேயும் என்றார். திறப்பைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், உள்ளே பாயில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். நெருப்பு தாங்கும் கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் வைத்துப் பொருத்து, இல்லையென்றால் செங்கல் வைத்து அடை, அடுத்த மாதம் வருவேன், இரண்டும் செய்யாமல் இருந்தால் கொட்டகையைப் பூட்டுவேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி உடனே செங்கல் என்றார். அடைத்தால் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாத அறையில் பிள்ளைகளை வைத்தால் சுகாதார அதிகாரி வந்து பூட்டுவார். ஆக, கண்ணாடிதான்.

பூட்டினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையை விட இடம் இல்லாத பொம்பளை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வர முடியாது. வராதவளுக்குப் பேர் இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. என் மனைவியும் பால் வெட்டுகிறவள். எங்கள் மகள் ஒன்றரை வயதில் அந்தப் பாயில்தான் கிடந்தாள்.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை, எப்போதும் அவசரம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நல்ல மொத்தமான கண்ணாடியாப் பாத்து வாங்கிக்கொண்டு வாரும். மொத்தமா இருந்தா நெருப்பு ஒண்டும் செய்யாது."

"ஐயாவுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"உமக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியாது. லோரியில் ஏறிப் போனேன்.

சிரம்பானில், லோபாக்கில் ஒரு சீனர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் வரும், மிச்சத்துக்கு மலாய். விஷயத்தைச் சொன்னேன். மொத்தமான கண்ணாடி வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, மொத்தம் வேற. நெருப்பு வேற லா."

கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மூன்று துண்டுகளை எடுத்துச் செங்கல் மேல் நிறுத்தினார். ஒன்று சாதாரணக் கண்ணாடி. ஒன்று விரல் மொத்தம். இன்னொன்று கொஞ்சம் மங்கலாக, உள்ளே சின்னச் சின்னக் கட்டமாகக் கம்பி வலை வைத்து வார்த்தது. ஈயம் உருக்குகிற ஊதுவிளக்கைப் பற்றவைத்து முதல் துண்டின் மேல் பிடித்தார். எண்ணி முடிப்பதற்குள் வெடித்து விழுந்தது. மொத்தமானது கொஞ்ச நேரம் நின்றது. நான் கிராணியார் சொன்னது சரிதான் போல என்று நினைக்கும்போதே டப்பென்று பெரிய பெரிய துண்டாகச் சிதறியது. ஒன்று என் செருப்புப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"மொத்தம் கண்ணாடி, மொத்தமா வெட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மூன்றாவதும் வெடித்தது. சிலந்திவலை மாதிரி எங்கும் கீறல். ஆனால் விழவில்லை. விளக்கை அணைத்து ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார், சுர்ரென்றது, அப்போதும் விழவில்லை. கண்ணாடி உடையத்தான் செய்யும், கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டை விழாவிட்டால் நெருப்பு உள்ளே வராது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் கிடைக்கும் என்று விளக்கினார். மரச்சட்டத்தில் வைத்தால் சட்டம் எரிந்து கண்ணாடி அப்படியே கீழே வரும், இரும்பில்தான் வை என்றும் சொன்னார். கடையில் அந்த அளவுக்கு ஒரே ஒரு தகடு இருந்தது. அடுத்தது கப்பலில் வந்தால்தான். அதையே எடுத்தேன். கிராணியார் சொன்னதை வாங்காமல் வந்தது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு நல்ல காரியம். அதையும் நானே கெடுத்தேன், அதைச் சொல்கிறேன்.

வேலி வாசலில் லோரியை நிறுத்திச் சோதித்தார்கள். காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் எங்கள் லயத்துப் பையன்கள்தான். கண்ணாடியைச் சுற்றியிருந்த கோணியைப் பிரித்துப் பார்த்ததும் ஒருவன் விரலால் தட்டினான்.

"அட, உள்ளயே கம்பி இருக்கு. குண்டு போட்டாலும் வராது போல."

"குண்டுக்கு இல்லடா, நெருப்புக்கு" என்றேன்.

"நெருப்புக்கு எதுக்குண்ணே கம்பி? கம்பி என்ன தண்ணியா?"

அவன் தப்பாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எங்களுக்குக் கம்பி என்றால் ஒரே ஒரு காரணம்தான். ஊரைச் சுற்றிக் கம்பி. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா ஜன்னல்களில் குண்டு எறிந்தால் திரும்பித் தெறிக்க வலைக்கம்பி. எதற்குப் பயந்தாலும் கம்பி போட்டோம். கம்பி போட்டால் பயம் போய்விடும் என்று துரையிலிருந்து தோட்டி வரைக்கும் நம்பினோம்.

சாயங்காலத்துக்குள் செய்தி துரைக்குப் போய்விட்டது. மறுநாள் பெரிய கிராணி கூப்பிட்டார். அந்தக் கண்ணாடியைத் துரையின் ஆபீஸ் ஜன்னலுக்குப் போடச் சொல்லி உத்தரவு.

"ஐயா, அது ஆயாக் கொட்டகைக்கு வாங்கினது."

"எனக்குத் தெரியாதோ? ஆபீசுக்குக் குண்டு விழுந்தா ஆர் சம்பளம் போடுறது? கொட்டகைக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டு, ரெண்டு பக்கமும் கோழிக்கூட்டு வலையை அடிச்சுவிடும். எல்லாம் ஒண்டுதான். தீயணைப்பு அதிகாரி எட்ட நிண்டு பாத்துப்போட்டுப் போயிடுவார்."

நான் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. களைப்பு. அந்த வருஷம் முழுக்க யாரோ சொல்ல நான் அடித்தேன், யாரோ சொல்ல நான் பிடுங்கினேன். வாயைத் திறந்தால் போலீஸ் வந்து விசாரிக்கிற காலம் வேறு. ஆபீஸ் ஜன்னலை அளந்தேன். மூன்றடிக்கு இரண்டடி. தகட்டை மேசையில் போட்டுக் கீறி, மடக்கி, உள்ளிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் குறடால் நறுக்கினேன். கையெல்லாம் ரத்தம். ஆபீஸ் ஜன்னலில் வைத்துப் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவிக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சோறு போடவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்:

"வெட்டிட்டிங்களா?"

"உத்தரவு."

"கோழிவலையப் பத்தியும் உத்தரவா? கண்ணாடி வெடிச்சா வலை புடிச்சிக்குமா? நீங்கதான வந்து சொன்னிங்க, துண்டு உங்க கால்கிட்ட வந்து விழுந்துச்சின்னு."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"எனக்கென்ன தெரியும், நான் பால் வெட்டுறவ. கதவு செய்யிறவரு நீங்க. நாளைக்கி நெருப்பு வந்தா ஒரு ஆயா எத்தினி புள்ளயத் தூக்குவா, அத மட்டும் சொல்லுங்க."

ஒரு ஆயாவுக்கு இரண்டு கைதான். எனக்குத் தெரிந்த கணக்கு அது.

மறுநாள் பெரட்டு முடிந்து ஆட்கள் பால் வெட்டப் போனபிறகு, வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்துப்போய் பெரட்டுக் களத்துக் கம்பத்தில் சாய்த்து வைத்தேன். பெரிய கிராணி ஆபீஸ் படியில் நின்றார். கான்ஸ்டபிள் பையன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு கல்லை எடுத்துக் கிராணியார் கையில் கொடுத்தேன்.

"ஐயா, எறிங்க. குண்டு வேணாம். கல்லுக்கு நிக்குதான்னு பார்ப்போம்."

"என்ன விளையாட்டு இது?"

"துரைக்கு நாளைக்கி ஏதாச்சும் ஆச்சுன்னா, கண்ணாடி போட்டவன் நான், போடச் சொன்னது நீங்க. இப்பவே பார்த்துடலாம்."

அது அவருக்குப் பட்டது. சட்டைக் கையை மடக்கி எறிந்தார். கல் கம்பத்துக்கு ரொம்பத் தூரத்தில் போய் விழுந்தது.

"கிராணியாரே, கொம்னிஸ்காரன் இப்படி எறிஞ்சா நமக்குக் கம்பியே வேணாம்" என்றான் ஒரு பையன். மற்றவன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். கிராணியார் முறைத்துவிட்டு இன்னொரு கல்லைப் பொறுக்கிக் கிட்டப்போய் எறிந்தார். கண்ணாடியில் கைமுட்டி அளவுக்கு ஓட்டை விழுந்து, கம்பி அறுந்து பின்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. கல் அந்தப்பக்கம் புல்லில் கிடந்தது. கிராணியார் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

பிறகு துரையிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. மத்தியானம், அந்தக் குப்பையைக் கழற்றி எடுத்துப் போ, பங்களாவுக்குப் போட்ட மாதிரி வலைக்கம்பி அடி என்று உத்தரவு வந்தது. கழற்றினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கையில் முழுசாக இருந்தது மூன்றடிக்கு இரண்டடி, மிச்சம் வெட்டும்போதே துண்டுதுண்டாகப் போயிருந்தது. சுவரில் இருந்தது நாலடிக்கு மூன்றடி. இன்னொரு தகடு கேட்டதற்குத் துரை கையெழுத்துப் போடவில்லை. போட்டாலும் கப்பல் வரவேண்டும். அதிகாரி வர ஒரு வாரம்தான் இருந்தது.

ஒரே வழிதான். திறப்பைச் சின்னதாக்க வேண்டும். இருக்கிற கண்ணாடிக்குக் கொல்லனிடம் இரும்புச் சட்டம் அடிக்கச் சொன்னேன். பக்கத்தில் ஓரடி, கீழே ஓரடி செங்கல் வைத்துக் கட்டினேன். மேலே அடைத்துக் கீழே விட்டிருந்தால் பிள்ளைகள் முன்போல விளிம்பைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பால் கொண்டுவரும் அம்மாமார்களைப் பார்த்திருப்பார்கள். ஆனால் வெளிச்சம் மேலிருந்துதான் அதிகம் வரும். யோசித்துப் பார்த்தேன். வெளிச்சத்தை வைத்துக்கொண்டேன். அன்று சரியாகத்தான் செய்தேனா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அதிகாரி எட்ட நின்று பார்க்கவில்லை. கிட்டவந்து நகத்தால் தட்டினார், இரும்புச் சட்டத்தைச் சுரண்டிப் பார்த்தார், செங்கல் கட்டு புதுசா என்று கேட்டார். புதுசு என்றேன். அறை இருட்டாக இருக்கிறதே என்றார், பிறகு சட்டப்படி இது போதும் என்று எழுதிக்கொடுத்தார். கோழிவலை அடித்திருந்தால் அன்றைக்கே பூட்டியிருப்பார். கொட்டகை திறந்தபடி இருந்தது. மறுநாள் பெரட்டில் பொம்பளைகள் பேர் ஒன்றும் விடுபடவில்லை.

நாங்கள் அந்த வேலிக்குள் இருந்த வரைக்கும் அடுப்பு முற்றம் எரியவில்லை. அந்தக் கண்ணாடி நெருப்பைத் தாங்கியிருக்குமா என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததெல்லாம் அறை பாதி இருட்டு என்பதுதான். மழை நாளில் ஆயா விளக்கு ஏற்றினாள். பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க முடியாமல் செங்கல்லைத் தட்டி அழுதன. என் மகளும் அழுதாள்.

ஒரு நாள் கொட்டகை வாசலில் கதவுக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளையை விட வந்த ஒருத்தி, அடைத்தவன் நான்தான் என்று தெரியாமல் ஆயாவிடம் சொன்னாள்:

"எந்தப் புண்ணியவான் இந்த சன்னல அடைச்சான்? புள்ள முகமே தெரியமாட்டேங்குது."

ஆயா என்னைப் பார்த்தாள். நான் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

அவள் பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுப் பால் வெட்டுக்குப் போனாள்.