ஒன்பது அங்குலச் சாண்

எங்கள் தெருத் தையல்காரி துணியை உதறி மேசைமேல் விரித்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று கையை நடத்திக்கொண்டே போவாள். டேப்பைத் தொட மாட்டாள். அவள் வெட்டிய சட்டைகளை வரிசையாகக் கட்டினால் நிலா வரை போகும். சரி, நிலா வேண்டாம். தெருமுனை வரை நிச்சயம் போகும்.

தெருவுக்கே அவள் ‘சாண் அக்கா’. “என் சாண் ஒன்பது அங்குலம். செத்தாலும் ஒன்பதுதான்” என்பாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், காலையில் கத்தரிக்குள் விரல் நுழையாமல் அழுதவள். முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய காவலே மூட்டுகளைத் தாக்குகிறதாம். மாத்திரையில் வலி அடங்கியது. டாக்டரை மறந்தாள். ஐந்து வருடமாக அதே பழைய சீட்டு, அதே மாத்திரை. கூடவே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் மகள் நச்சரித்தால், “வலிக்குதுன்னு சொன்னேனாடி? காலையில கொஞ்சம் விறைக்கும், வெந்நீர்ல வெச்சா சரியாயிடும். சும்மா இருக்கிற டாக்டரை ஏன் உசுப்புற?”

இன்று, தெருக் கிழவி நான், பாவாடைக்கு நாடா கோக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, தபால்காரர் புதுச்சட்டையோடு வந்தார்.

“கையைத் தூக்கினா தொப்புள் தெரியுதுக்கா.”

“தொப்பை வளந்திருக்கு தம்பி. துணி என்ன பண்ணும்?”

அவர் அவளே எப்போதோ தைத்த பழைய சட்டையைப் பையிலிருந்து எடுத்து, புதியதை அதன்மேல் வைத்தார். நாலு விரல் குறைவு. மூன்று சாணுக்கு வெட்டிய பழையதை அவள் அளந்தாள். மூன்று சாண் போய், இன்னும் துணி மிச்சம் இருந்தது.

“பழசு நீண்டுபோச்சு” என்றாள். தபால்காரர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து மர ஸ்கேல்மேல் விரித்தாள்.

சுண்டுவிரல் நடுவில் வளைந்து வாத்தின் கழுத்தாக நின்றது. இத்தனை நாள் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே! சாண் அக்கா இடக்கையால் அதை அமுக்கிப் பார்த்தாள். நிமிரவில்லை.

“வலிக்கவே இல்லையேடி...”

“டாக்டர் அப்பவே சொன்னாரும்மா. நோய் போகப்போக மாறும், மருந்தையும் மாத்த வேண்டியிருக்கும், ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்டணும்னு.”

“இனிமே நிமிருமா?”

“வளைஞ்சது நிமிருமான்னு தெரியல. மிச்ச விரலையாவது காப்பாத்தலாம்.”

சாண் அக்கா ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்குப் போன் போடு.”

அவளைத் தேற்றுவதற்காக, “அரை அங்குலந்தானே குறைஞ்சிருக்கு” என்றேன்.

மகள் ஸ்கேலில் ஊன்றிய நகத்தை எடுக்கவில்லை.

“எட்டுல நிக்குது பாட்டி. முழுசா ஒரு அங்குலம்.”