மேயர்களுக்கு இலை போட்ட ராக்காயி

மலாயாவில் பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மிஷின் தொரை பங்களாவில் சமையல் பார்த்தவள் ராக்காயி. கைப்பக்குவம் உண்டு, வாய் அதைவிட உண்டு. ஒரு விஷயம் மனசில் பட்டுவிட்டால் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், செய்து முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். புருஷன் சன்னாசி ரப்பர் பாலுக்கு மரம் சீவுகிறவன். அவள் குணம் தெரிந்ததால் பாதி நாள் வீட்டுக்குச் சுற்று வழியாகத்தான் வருவான்.

மிஷின் தொரையின் பேர் மாகி. வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்று ஒரு சின்ன நாடு, அதன் தலைநகரம் தாலின், அதுதான் அவர் ஊர். ரப்பர் ஷீட் உருட்டும் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாளாக வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துத் தொரைமாருக்கு உண்டான தமிழ்ப் பரீட்சையை இரண்டு தரம் எழுதித் தேறியவர். என்ன தேறி என்ன, பேச்சு ரொம்பக் குறைவு.

பங்களா ஹாலில் வரிசையாகப் பத்துப் படங்கள் மாட்டியிருந்தார். ஒன்பது பேர் கழுத்தில் பெரிய சங்கிலி, முகத்தில் அதிகாரம். பத்தாவது ஆள் ஒரு கிழவர். சங்கிலி கிடையாது, வாசக்கதவோரம் ஒண்டி நிற்கிறார். தினமும் தூசி தட்டித் தட்டி ராக்காயி தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: இவர்கள் தொரையின் பாட்டன், முப்பாட்டன் வகையறா. பெரிய வம்சம். கடைசி ஆள் வம்சம் நொடித்துப்போன காலத்தில் பிறந்தவர், பாவம்.

1926ஆம் வருஷத் தீபாவளி நெருங்கும்போது தொரைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயாவு கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்தார். ஐந்து நாளாகியும் உடம்பு கொதித்தது. ராக்காயிக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்து ஜனம் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்குப் படையல் போடுகிறோம். இந்த மனுஷன் ஏழு வருஷமாக யாருக்கு என்ன போட்டார்? அத்தனை பெரியவர்களும் பசியோடு சுவரில் நிற்கிறார்கள். காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

முதல் நாள் பொழுது சாயும் நேரம் ஹாலைக் கழுவிவிட்டுப் பத்து இலை போட்டாள். சோறு, ஆட்டுக்கறி, அதிரசம், இலைக்கு ஒரு சுருட்டு. ஒவ்வொரு படத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சங்கிலி இல்லாத கிழவர் மேல் அவளுக்கு இரக்கம் அதிகம். அவருக்கு மட்டும் மாலை தடிமனாக, கறி இரண்டு அகப்பையாக.

சூடம் கொளுத்தும்போது தொரை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வேர்த்து விட்டிருந்தது. காய்ச்சல் இறங்கும் வேர்வை.

"இது என்ன, ராக்காயி?"

"ஒங்க பாட்டன் பூட்டனுக்கு எல போட்டிருக்கேன் தொரே. ஏழு வருசமா பட்டினி போட்டுட்டீங்க."

தொரை தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை அந்த பங்களா அதற்கு முன் கேட்டதில்லை. "இவர்கள் என் பாட்டன்கள் இல்லை. எங்கள் ஊர் மேயர்கள். ஊர்த் தலைவர்கள்."

அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தது. ஒவ்வொரு படமாகக் காட்டிச் சொன்னார். பல நூறு வருஷமாக அந்த ஊருக்கு ஜெர்மன் பேசும் வியாபாரிகளே தலைவர்களாம். மேலே ருஷ்யச் சக்கரவர்த்தி. ஊரில் பாதிக்கு மேல் சொந்த ஜனம், நாற்காலியில் மட்டும் அவர்கள் இல்லை. தொரை பையனாக இருந்தபோதுதான் அவர்கள் பாஷைக்காரர் ஒருவர் முதன்முதலாக மேயர் ஆனாராம். பிறகு சண்டை வந்து, சக்கரவர்த்தி போய், தனி நாடே ஆகிவிட்டது.

கடைசிப் படத்துக்கு வந்தார். "இவர் மட்டும்தான் என் அப்பா. மேயர் இல்லை. நகர மண்டபத்தில் அடுப்பு மூட்டுகிற வேலை. அங்கே குளிர் அதிகம். எங்கள் ஆள் மேயரான அன்று இரண்டு கட்டை கூடப் போட்டாராம். இப்போது எழுபத்தாறு வயது. போன மாதம்கூடக் கடிதம் போட்டார்."

ராக்காயி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போட்டுவிட்டாள். செத்தவர்களோடு சேர்த்து இலையும் போட்டுவிட்டாள். எமனுக்கு ஆளைக் கைகாட்டிவிட்ட மாதிரி அல்லவா ஆகிவிட்டது! மாலையைப் பிய்த்து எறிந்தாள். படத்தின் முன்னால் விழுந்து அழுதாள்.

"ஒன்றும் ஆகாது" என்றார் தொரை. அவள் கேட்கவில்லை. "அவருக்கு எழுதிக் கேட்கிறேன்" என்றபிறகுதான் எழுந்தாள்.

கடிதம் போக ஐந்து வாரம், வர ஐந்து வாரம். அத்தனை நாளும் ராக்காயி ஒருபொழுது இருந்தாள், தலையில் பூ வைக்கவில்லை. "ஆத்தா, தெரியாம செஞ்சிட்டேன், அந்தக் கெழவனை விட்டுரு" என்று தோட்டத்து மாரியம்மன் காதைத் துளைத்தாள். முதலில் கேலி செய்த சன்னாசி, அவள் இளைப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். தினமும் காலையில் காப்பியோடு ஒரே கேள்வி: "தபால் வந்துச்சா தொரே?"

தை பிறந்ததும் பதில் வந்தது. கிழவர் தன் கையாலேயே எழுதியிருந்தார். தொரை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"நாற்பது வருஷம், மேயர்கள் வருவதற்கு முன்னால் அடுப்பை மூட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அவர்களோடு ஒரே வரிசையில் நான் சாப்பிட உட்காருவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் கேள், என் இலையில் என்னென்ன வைத்தாள்?"

தொரை சிரித்தார். ராக்காயி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கப்பன் ஊருல செத்த சேதி இங்க எனக்கு எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு தொரே. அதுக்கப்பறம் வருசாவருசம் எல போடுறேன். எத்தன போட்டு என்ன, அவரு தின்னுட்டுக் கைய கழுவி எந்திரிக்கறத நான் பாக்க முடியல. ஒங்கப்பாரு வாய் தொறந்து கேக்கறாரு. போயி போடுங்க."

தொரை அன்று மிஷின்கள் ஓடும் ஸ்டோருக்குப் போகவில்லை. பங்குனியில் கணக்கு முடித்துக்கொண்டு பினாங்கில் கப்பலேறிவிட்டார். புதிதாக வந்த தொரை கூடவே சீனச் சமையல்காரனைக் கூட்டி வந்தார். ராக்காயி வாளியும் உளியுமாகச் சன்னாசியோடு மரம் சீவப் போனாள்.

"ஒன் வாயாலயே ஒன் வேலைய கெடுத்துகிட்டியேடி" என்றான் அவன்.

"போனா போவுது போ" என்றாள்.

ஆவணியில் அவள் பேருக்கு ஒரு தபால் கார்டு வந்தது. தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி நவமணி ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பரீட்சைத் தமிழில், குச்சி குச்சியான எழுத்தில் ஒரே ஒரு வரி.

"'அப்பா சாப்பிட்டார்.' அவ்ளோதான் இருக்கு" என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கிராணி. "அம்மாந்தூரத்துலேருந்து காசு செலவழிச்சு இதையா எழுதுவாங்க?"

"இதத்தான்லா ஐயா எழுதணும்" என்றாள் ராக்காயி. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.