நான் சொல்லாமல் விட்ட ஓட்டம்

சூலியா தெருவில் தேநீர்க் கடை வைத்திருந்த காலத்தில், சாயங்காலக் கூட்டம் என் கிரிக்கெட் கதைக்காகத்தான் வருகிறது என்று இறுமாந்திருந்தேன். பாடாங் திடலில் நான் அடித்த நாற்பத்தெட்டு ரன், மறுமுனையில் நின்ற மச்சான் காதர் அவசரப்பட்டு ஓடி அவுட்டானது, எல்லாம் தினமும் உண்டு.

அப்போதுதான் பக்கத்துப் போட்டோக் கடை ஜப்பான்காரர் தேநீர் குடிக்க வரத் தொடங்கினார். தன் ஊரில் பேஸ்பால் ஆடி ஓய்ந்தவராம். அவர் மலாய் மொழியில் பேச ஆரம்பித்தால் என்னை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கதை தொடங்கினாலே எழுந்து போய்விடும் காதர்கூட, அவரிடம் "அப்புறம் என்னாச்சுலா?" என்று மலாய்ப் பேச்சின் 'லா' சேர்த்துக் கேட்பான். எனக்கு வயிறு எரியும். அவருக்கு மட்டும் ஆறிப்போன தேநீரை வைப்பேன்.

ஒருநாள் அவரை மட்டம்தட்ட நினைத்து, "கடைசி ஆட்டத்துல எத்தனை ரன் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வேணும்னே அவுட்டானேன்" என்றார்.

பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினாராம். எதிரணி அவரை அவுட்டாக்கிய நேரத்தில், ரன்னுக்கு ஒரே ஓட்டம் பாக்கியிருந்த கடைசி மூலையில் காத்திருந்த கூட்டாளி ஓடிவந்து ரன் சேர்த்துவிட்டானாம். அதில்தான் ஜெயித்தார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

தேநீர் ஆற்றிக்கொண்டே காதரைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் காதரிடம் சொன்னேன்: "அன்னைக்கு ஓடி வான்னு கூப்பிட்டதே நான்தான் மச்சான். பாதியில திரும்பினதும் நான்தான்."

"தெரியும். அதான் உன் கதையை என்னால கேக்க முடியல" என்றான்.

மறுநாள் ஜப்பான்காரருக்குச் சூடாகத் தேநீர் வைத்தேன். பொறாமை போய்விட்டது என்றால் பொய். அவர் அவுட்டான கதையை ஊரே கேட்டது. என் நாற்பத்தெட்டை அதன்பின் நானே சொல்லவில்லை.