புள்ளிக் கூட்டத்தில் சீப்ரன் கண்டது

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் என்னைக் கேட்காமல் யாருக்கும் டாக்டர் பட்டம் கொடுத்ததில்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பட்டமளிப்பு விருந்துகளில் நான் போகாமல் பாலாடைக்கட்டி தீர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பார்வை ஆய்வுக்கூடத்தில் சீப்ரன் என்று ஓர் ஆய்வு மாணவன், வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரன். தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பது அவன் வேலை. ஒளிபரப்பு முடிந்த டி.வி. மாதிரி புள்ளிகள் ஒரு கணம் கண்டபடி துள்ளி மறையும். அவற்றில் சில மட்டும் சேர்ந்து ஒரே பக்கமாக நகரும். இடமா வலமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். நகரும் புள்ளிகள் குறையக் குறைய நாங்களெல்லாம் திணறுவோம். சீப்ரன் அசர மாட்டான். ஆராய்கிறவனே தன் கண்ணையும் சோதனைக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆகவே அவன் தன் கண்ணைத் தானே அளந்து, தானே வியந்து, அந்த வியப்பையே ஆய்வேடாகவும் எழுதிவிட்டான். பட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. அவன் அம்மா புதுத் தொப்பியும் வாங்கியாயிற்று.

ஒரு காலையில், கூட வேலை செய்த அன்னெலீஸ் அவனுக்கு முன்பே அதே கணினியில் தன் சோதனையை முடித்துவிட்டு, அணைக்காமல் எழுந்து போனாள். அடுத்து உட்கார்ந்த சீப்ரனுக்குப் பாதிக்குப் பாதி தப்பு. திரையில் தூசு என்றான். ஜலதோஷம் என்றான். கணினியை அணைத்துப் போட்டதும் கழுகுக்கண் திரும்பி வந்துவிட்டது.

அன்னெலீஸுக்குச் சந்தேகம். மறுநாள் ஒவ்வொரு முறையும் முதல் படத்தை மட்டும் பழையபடியே காட்டி, பிறகு எந்தப் புள்ளியும் சேர்ந்து நகராதபடி செய்துவைத்தாள். சீப்ரன் அதே பழைய பதில்களை அழுத்திக்கொண்டே போனான்.

"நல்லாத் தெரியுதா, சீப்ரன்?"

"பளிச்சுனு. எல்லாம் வலப்பக்கம் போகுது."

"ஒண்ணுமே போகலப்பா. நீதான் போற."

கணினி, அணைத்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் 'கண்டபடி' என்று அதே வரிசையைத்தான் முதலிலிருந்து காட்டிக்கொண்டிருந்தது. அன்று அன்னெலீஸ் அணைக்காமல் போனதால் வரிசை அவனுக்கு முன்பே நகர்ந்துவிட்டிருந்தது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அவன் மூளை புள்ளிகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் பார்வை என்று கொண்டாடினோம்.

அப்புறம் சீப்ரன் ஆய்வேட்டைக் கால்வாயில் வீசினான், வாத்துகள் படித்துப் பட்டம் வாங்கின என்று முடிப்பது என் வழக்கம். இன்று அன்னெலீஸ் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். விட மாட்டேன் என்கிறாள்.

"வீசவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைத் தள்ளிப்போட்டு, 'மூளை புள்ளிக் கூட்டத்தையும் மனப்பாடம் பண்ணும்'னு அதையே புது ஆய்வேடா எழுதிப் பட்டம் வாங்கிட்டான். நன்றியுரையில என் பேரும் இருக்கு. காபி போட்டுக் கொடுத்ததுக்கு."