புங்குடுதீவுக் காரின் தகடு

1. இரண்டு துளைகள்

காரின் கதவைத் திறந்து கீழ்ப்படியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஸ்குறூத் துளைகள்தான் இருந்தன. சுற்றிவர ஐம்பது வருட அழுக்கு. தகடு கிடந்த இடம் மட்டும் பளிச்சென்றிருந்தது. அண்மையில்தான் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கராச்சில் தகரம் தட்டுகிற ரிங்கர் வேலை செய்துகொண்டிருந்தேன். பழைய இங்கிலாந்துக் கார்களின் பொடி வேலை, அதுதான் வெளிக்கூட்டு வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலணையில் ஒரு பென்சன்கார ஓவசியர். அவருடைய மகன் லண்டனில். மகனுக்குப் புங்குடுதீவில் பெண் பேசியிருந்தார்கள். காணி, நகை எல்லாம் பேசி முடிந்து, சீதனக் கார் மட்டும் மிச்சம். அதைச் சோதித்துவிட்டு வரச்சொல்லி ஓவசியர் என்னை அனுப்பினார்.

சும்மா கார் இல்லை அது. இந்தக் காலத்துத் தம்பிமாருக்கு விளங்கச் சொல்கிறேன். அப்போது பெரிய கொம்பனிகள் சஸி என்கிற அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டும் செய்து விற்கும். வாங்கினவர் அதை வேறொரு கொம்பனியிடம் கொடுத்துத் தன் விருப்பப்படி கையால் பொடி கட்டுவிப்பார். உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியம். கட்டின கொம்பனி தன் பெயரையும் நம்பரையும் பொறித்த சின்னத் தகடு ஒன்றைக் கதவுப்படியில் பூட்டிவிடும். அந்தத் தகடு இல்லாவிட்டால், அசல் பொடி என்று நீங்கள் தலைகீழாய் நின்று சொன்னாலும் வெளிநாட்டில் ஒருத்தனும் நம்பமாட்டான்.

மகன் எழுதியிருந்த கேள்விகளை ஓவசியர் எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார். கார் ஓடுமா என்று ஒரு இடத்திலும் இல்லை. தகடு, தகடு, தகடு. இப்படிப்பட்ட கார்களை வாங்க லண்டனில் போட்டிபோட்டு அடிபடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். சீதனக் காருக்கு ஏன் இந்தக் கேள்வி என்று அப்போதே எனக்குள் ஒரு அரிப்பு.

2. காந்தம்

காருக்குச் சொந்தக்காரர் பெண்ணின் தகப்பன், கனகசபை முதலாளி. தெற்கே கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை சாம்பல். ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். பாலம் போடுவதற்கு முன்னரே அவருடைய தகப்பன் இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, இந்தக் காரைத் தீவுக்குக் கொண்டுவந்தாராம். அன்று தொட்டு இன்றுவரை ஒருவரும் இதில் கைவைக்கவில்லை என்று முதலாளி சத்தியம் பண்ணினார்.

ஒருவன் கேட்காமலே சத்தியம் பண்ணினால் நான் உடனே பையிலிருந்து காந்தத்தை எடுத்துவிடுவேன். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. முன்பக்கம் ஒட்டவில்லை, கதவுகளில் ஒட்டவில்லை. இடப்பக்கப் பின்சில்லை மூடுகிற மட்காட்டில் டக்கென்று பிடித்துக்கொண்டது. இரும்புத் தகரம் வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. முதலாளி முதலில் உப்புக்காற்று என்றார். நான் காந்தத்தை இன்னொருக்கால் வைத்துக் காட்டினேன். பிறகுதான், கார் ஓடப் பழகிய காலத்தில் சாட்டிக் கடற்கரையில் ஒரு பனையோடு மோதியதை ஒப்புக்கொண்டார்.

ஒட்டை மறைத்த மனிதர் தகட்டையும் விற்றிருக்கலாம்தானே? கொழும்பு வியாபாரிகள் தகட்டை மட்டும் வாங்கி வேறு காருக்குப் பூட்டுவார்கள். ஆனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மரச்சட்டத்தை ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் கறையான். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடங்களில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. கடல் காற்றில் அது வராமல் போகாது. எஞ்சினும் கொஞ்சம் இருமிவிட்டு அழகாக ஓடியது. அசல் கார்.

துளைகளைக் காட்டியதும் முதலாளி படியடியில் குந்தி அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, என்ரை கடையும் எரிஞ்சு போட்டுது. இந்தச் சம்பந்தமும் குழம்பினால் நான் ஆரிட்டைப் போறது?" என்றார். அப்படி யாராலும் நடிக்க ஏலாது.

3. தேத்தண்ணி

அவர் வீட்டுக்குள் தேடிப்பார்க்கப் போன நேரம் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெயர் சறோ. கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக் வேலை. தட்டில் விரித்திருந்த துணியைத் தூக்கினாள். அடியில் தகடு கிடந்தது.

"நீங்கள் தேடுறது இதைத்தானே, அண்ணை? நான்தான் கழட்டினனான்."

ஏன் என்று கேட்டேன்.

"லண்டனுக்கு என்ரை படம் அனுப்பினது. கிடைச்சுதெண்டுகூட எழுதேல்லை. வாற கடிதமெல்லாம் கார்க் கதைதான். காரைப் பாக்க உங்களை அனுப்பியிருக்கினம். என்னைப் பாக்க இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

தகட்டை என் கையில் வைத்தாள். ஓவசியர் அவளைப் பற்றி ஒரேயொரு கேள்வி கேட்டாலும் தகட்டைக் கொடுத்துவிட வேண்டும். கேட்காவிட்டால் தகடு இல்லையென்று சொல்லிவிட்டு அவளிடமே திருப்பித் தர வேண்டும். அதுதான் அவள் கேட்டது.

என் புத்தி எங்கே போகும்? இவளுக்கு வேறு எங்காவது மனம் போயிருக்குமோ, அதற்கு நானா கருவி என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன்.

"அப்பிடி ஆரும் இருந்தால் தகட்டைக் கிணத்துக்கை போட்டிருப்பன். உங்களிட்டைத் தந்திருக்க மாட்டன்" என்றாள்.

உள்ளே தேடிக்கொண்டிருந்த முதலாளிக்குத் தெரியாமல் தகட்டைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. வேலணை

ஓவசியர் விறாந்தையில் காத்திருந்தார். சஸி நம்பரைக் கேட்டார், சொன்னேன். மரத்தைக் கேட்டார், கறையானைச் சொன்னேன். மட்காட் ஒட்டையும் மறைக்கவில்லை. எப்படியாவது அந்த மனிதர் அவளைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் தவிப்பு. துளையைத் தடவின முதலாளியின் விரல் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் நானே பேச்சை எடுத்துக் கொடுத்தேன்.

"பிள்ளைதான் ஐயா தேத்தண்ணி தந்தவ. நல்ல கெட்டிக்காரி."

"ஓமோம். கார்ச் சீற்றெல்லாம் தோல்தானே? எலி கடிக்கேல்லையே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் பொறுத்துக்கொண்டு, எலி கடிக்கவில்லை என்றேன்.

"தகடு?"

"கதவுப்படியிலை இல்லை ஐயா. துளை ரெண்டுதான் கிடக்குது."

அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப பொடி அசலில்லை, உங்கை ஊரிலை கட்டினதாத்தான் இருக்கும். உந்தச் சம்பந்தத்தை ஒருக்கால் யோசிக்கத்தான் வேணும்" என்றார். கூலியை நீட்டினார். வாங்க மனம் வரவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் புங்குடுதீவுக்குத் திரும்பிப் போனேன். தகப்பனும் மகளும் படலையடியில் நின்றார்கள். நான் தகட்டைச் சறோவிடம் நீட்டினேன். முதலாளி தகட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நடந்ததை நான் ஒன்றும் விடாமல் சொன்னேன், எலியையும் சேர்த்து.

அவர் மகள் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.

"இவர் வாறதெண்டு நீங்களும் நேற்று முழுக்கக் காரைத்தானே அப்பா துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள் சறோ.

அவர் தகட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டார். நானும் நிற்காமல் வெளிக்கிட்டேன்.

தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒருவர் ஒன்றைச் சோதிக்கச் சொல்லி அனுப்பினால், அவர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். அவர் எதைக் கேட்காமல் விடுகிறார் என்பதையும் கவனியுங்கள்.